‘ஸ்லௌ ஆஃப் டெஸ்பாண்ட்’ என்ற ஆங்கிலத் தொடர் எந்த நூலிலிருந்து வந்தது?

அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணி ‘ஸ்லௌ ஆஃப் டெஸ்பாண்ட்’டில் கிடக்கிறது என்று ஒரு கிரிக்கெட் கட்டுரையில் படித்துவிட்டு, அகராதியில் ‘ஆழ்ந்த மனச்சோர்வு’ என்ற பொருளையும் பார்த்துவிட்டு, இதை முதலில் எழுதியவர் யார், நண்பர் ஒருவர் சொல்வதுபோல் ஷேக்ஸ்பியரா, இன்னொருவர் சொல்வதுபோல் பைபிளா, அல்லது லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஸ்லௌ என்ற ஊரோடு ஏதேனும் தொடர்புண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் ‘மனச்சோர்வுக்கு எதற்காகச் சேறு?’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. நூலின் பெயரைச் சொல்ல ஒரு வரி போதும். சேறு ஏன் என்பதற்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையைப் பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில், ஐயத்துக்கு இடமில்லாதவற்றையும் ஊகமாகவே நிற்பவற்றையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் உறுதியானது. இந்தத் தொடரை உருவாக்கியவர் ஜான் பன்யன். நூல், 1678ஆம் ஆண்டு லண்டனில் நத்தேனியல் பாண்டர் என்ற பதிப்பாளர் வெளியிட்ட ‘தி பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிய நூல் அதுவே. ஷேக்ஸ்பியருக்கும் இத்தொடருக்கும் தொடர்பில்லை. அவர் இறந்து 62 ஆண்டுகள் கழிந்த பிறகே இந்நூல் வந்தது. பைபிளிலும் இந்தச் சொற்கள் அப்படியே கிடையாது. ஆனால் பைபிள் என்று சொன்ன நண்பரை முற்றிலும் தவறு என்று தள்ளிவிட முடியாது. சொல் பைபிளில் இல்லை என்றாலும் சேறு அங்கே இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

கதையில் இந்தச் சேறு வரும் இடத்தை அருகில் போய்ப் பார்த்தால்தான் தொடரின் பொருள் விளங்கும். அழிவு நகரம் என்ற ஊரில் வாழும் கிறிஸ்தியான் என்பவன், தன் ஊர் எரிந்து போகப்போகிறது என்று அறிந்து, முதுகில் இறக்கி வைக்க முடியாத ஒரு மூட்டையோடு வீட்டை விட்டு ஓடுகிறான். அயலார் இருவர் அவனைத் திருப்பிக் கூட்டிவரப் பின்தொடர்கிறார்கள். ஒருவன் பிடிவாதன், ஏசிவிட்டுத் திரும்பிவிடுகிறான். மற்றவன் எதற்கும் எளிதில் இணங்குகிறவன். மோட்ச நாட்டின் இன்பங்களைக் கேட்டு ஆசைப்பட்டு, கிறிஸ்தியானோடு சேர்ந்து நடக்கத் தொடங்குகிறான். (இப்பெயர்களையும் இனி வரும் பெயர்களையும் நானே தமிழாக்கித் தருகிறேன்.) மகிமையின் முடியும் ஒளி வீசும் ஆடையும் கிடைக்கும் என்று பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல் நடந்த இருவரும், சமவெளியின் நடுவில் இருந்த ஒரு சேற்று நிலத்தில் திடீரென்று விழுந்துவிடுகிறார்கள். ‘அந்தச் சேற்றின் பெயர் டெஸ்பாண்ட்’ என்று பன்யன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அடுத்து நடப்பதுதான் முக்கியமானது. இணங்குகிறவனுக்கு உடனே கோபம் வருகிறது. இதுவரை நீ சொன்ன இன்பம் இதுதானா, புறப்பட்ட இடத்திலேயே இப்படி என்றால் போய்ச் சேருவதற்குள் இன்னும் என்னென்ன வருமோ, நான் உயிரோடு வெளியேறினால் போதும், அந்த நாட்டை நீயே தனியாக வைத்துக்கொள் என்கிறான். இரண்டு முறை மூச்சைப் பிடித்து உந்தி, தன் வீடு இருக்கும் பக்கத்துக் கரையில் ஏறி, ஊருக்குப் போய்விடுகிறான். அவன் முதுகில் மூட்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டை உள்ளவனோ அமிழ்ந்துகொண்டே இருக்கிறான். ஆனாலும் தன் வீட்டுக்கு எதிர்ப்புறமான கரையை நோக்கியே கையையும் காலையும் அடிக்கிறான். அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தும் அவனால் ஏற முடியவில்லை. அப்போது உதவி என்ற பெயருடைய ஒருவன் வந்து, படிகளைப் பார்த்து வந்திருக்கலாமே என்று கேட்கிறான். பயம் துரத்தியதால் குறுக்கு வழியில் ஓடிவந்து விழுந்துவிட்டேன் என்கிறான் கிறிஸ்தியான். ‘கையைக் கொடு’ என்று சொல்லி அவன் இழுத்துக் கெட்டியான தரையில் நிறுத்துகிறான்.

இந்த இடத்தில் கதை சொல்பவர் குறுக்கிட்டு, ஊரிலிருந்து இந்தப் பாதையில் போகிற ஏழை எளியவர்களுக்காக இந்தப் பள்ளத்தைச் சரிசெய்து வைக்கக் கூடாதா என்று கேட்கிறார். அதற்கு உதவி என்பவன் தரும் விடை, நான் வகுப்பில் எப்போதும் இரண்டு முறை வாசித்துக் காட்டிய பகுதி. இந்த இடம் செப்பனிட முடியாத இடம் என்கிறான் அவன். தன் பாவத்தை உணர்ந்த மனிதனுக்குள் எழும் அச்சங்களும் ஐயங்களும் மனத்தைத் தளர்த்தும் எண்ணங்களும் வழிந்தோடி வந்து தேங்குகிற தாழ்ந்த நிலம் இது. அதனால்தான் தரை இப்படிக் கெட்டுக்கிடக்கிறது. அரசருக்கு இது பிடித்தமானதல்ல. அவருடைய வேலையாட்கள், அளவையாளர்களின் மேற்பார்வையில், 1,600 ஆண்டுகளுக்கு மேலாக இதைத் தூர்க்கப் பாடுபட்டு வருகிறார்கள். குறைந்தது 20,000 வண்டி மண், இல்லை, கோடிக்கணக்கான நல்லுரைகள் இதற்குள் கொட்டப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சேறு சேறாகவே கிடக்கிறது. ஆனால் நடுவே உறுதியான படிகள் போடப்பட்டிருக்கின்றன. வானிலை மாறும்போது சேறு பொங்கிப் படிகளை மறைத்துவிடும். தெரிந்தாலும் தலைசுற்றலில் மனிதர் பக்கத்தில் கால் வைத்துவிடுவார்கள்.

1,600 ஆண்டுகள் என்பது கிறிஸ்துவின் காலத்திலிருந்து பன்யன் காலம் வரை திருச்சபையில் போதித்தவர்கள் அனைவருடைய உழைப்பும் என்று பொருள். அவ்வளவு பேரின் புத்திமதியும் சேர்ந்து இந்தச் சேற்றைத் தூர்க்கவில்லை என்று, தானே ஒரு போதகராக இருந்தவர் எழுதுகிறார். மனம் உடைந்தவனிடம் அறிவுரை கொட்டுவது வண்டி வண்டியாகச் சேற்றில் மண் கொட்டுவதற்குச் சமம் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு பக்கம் அந்த நூற்றாண்டில் என் வாசிப்பில் இல்லை.

இனி, சேறு ஏன் என்பதற்கு வருகிறேன். பன்யன் 1628இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகே எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தவர். தந்தைக்குப் பாத்திரங்களை ஈயம் பூசி, ஓட்டை அடைத்துச் செப்பனிடும் தொழில். மகனும் அதே தொழிலைச் செய்தார். ஊர் ஊராக நடந்து போய் வேலை கேட்க வேண்டிய தொழில் அது. அந்தப் பகுதியின் மண் களிமண். மழைக்காலத்தில் பாதை காலைப் பிடித்துக்கொள்ளும். அக்காலத்துச் சாலைப் பராமரிப்பு முறை இன்னும் கவனிக்கத்தக்கது. 1555இல் வந்த ஒரு சட்டத்தின்படி, சாலையைச் செப்பனிடும் பொறுப்பு அந்தந்தப் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், மக்களுடையது. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். 1563இல் அது ஆறு நாளாயிற்று. வசதி படைத்தவர்கள் வண்டியும் மாடும் அனுப்ப வேண்டும். மேற்பார்வைக்கு ஊராரிலிருந்தே அளவையாளர்களை அமர்த்துவார்கள். ஆண்டுதோறும் கல்லும் மண்ணும் கொண்டு வந்து கொட்டுவதும் அடுத்த மழையில் அது காணாமல் போவதும் வழக்கமான காட்சி. எனவே ‘அரசரின் வேலையாட்கள்’, ‘அளவையாளர்கள்’, ‘வண்டி வண்டியாக மண்’ ஆகியவை பன்யன் இறையியல் நூல்களிலிருந்து எடுத்த சொற்கள் அல்ல. அவர் ஊர்ப் பாதையில் பார்த்தவை. முதல் வாசகர்கள் இந்தப் பகுதியைப் படித்ததும் தங்கள் ஊர்ச் சாலை நினைவுக்கு வந்திருக்கும்.

சேற்றுக்கு இரண்டாவது ஊற்று பைபிள். சங்கீதம் 40இல், ‘பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து, என் கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தி’ என்று ஒரு வரி வருகிறது. சங்கீதம் 69இல் ‘ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை’ என்று இன்னொரு வரி. விழுதல், அமிழ்தல், ஒருவர் தூக்கியெடுத்துக் கெட்டியான தரையில் நிறுத்துதல் என்று காட்சியின் எலும்புக்கூடு முழுவதும் முதல் வரியிலேயே இருக்கிறது. பன்யன் பல்கலைக்கழகம் பார்க்காதவர்; ஆனால் ஆங்கில பைபிளை வரிவரியாக மனத்தில் வைத்திருந்தவர். பைபிளுக்கும் சாலைக்கும் இடையே எது முந்தியது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் அவருக்குள் கலந்து கிடந்தன என்றே சொல்வேன்.

மூன்றாவது ஊற்று அவருடைய சொந்த அனுபவம். இதற்கு எழுத்துச் சான்று இருப்பதால் இதை ஊகமாக அல்லாமல் உறுதியாகச் சொல்ல முடிகிறது. 1666இல், அதாவது இந்தக் கதை வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, ‘கிரேஸ் அபௌண்டிங்’ என்ற தன்வரலாற்றை அவர் வெளியிட்டார். இளமையில் தனக்கு மீட்பு இல்லை என்ற எண்ணம் ஆண்டுக்கணக்காகத் தன்னை வாட்டியதை அதில் சொல்கிறார். ஓரிடத்தில், அசைந்தால் நடுங்குகிற ஒரு சேற்றுச் சதுப்பின்மேல் நான் நிற்பதுபோல் இருந்தது, கடவுளும் கிறிஸ்துவும் நல்லவை அனைத்தும் என்னைக் கைவிட்டுவிட்டன என்ற பொருளில் எழுதுகிறார். பெயர் இன்னும் வரவில்லை, சேறு வந்துவிட்டது. சேற்றின் மேற்பரப்பு அசைகிறது என்ற அந்த நுணுக்கம், சதுப்பு நிலத்தில் உண்மையாகவே கால் வைத்தவனுக்கு மட்டுமே தெரிவது.

சொற்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ‘ஸ்லௌ’ என்பது சேறு நிறைந்த பள்ளத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். பன்யனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்பே சாசர் தம் கான்டர்பரி கதைகளில் குதிரை சேற்றில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அதைக் கையாண்டிருக்கிறார். ஸ்லௌ என்ற ஊருக்கும் இதே சொல்தான் பெயராயிற்று என்று கருதப்படுகிறது. ஆனால் தொடர் அந்த ஊரைக் குறித்துப் பிறந்ததல்ல. ஊரும் தொடரும் ஒரே சேற்றிலிருந்து தனித்தனியே முளைத்தவை. உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை: பாம்பு உரிக்கும் சட்டைக்கும் இதே எழுத்துகளில் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு, அதை ‘ஸ்லஃப்’ என்று சொல்ல வேண்டும், அது வேறு சொல். என் மாணவர்களில் பாதிப்பேர் முதல் வாசிப்பில் ‘ஸ்லஃப் ஆஃப் டெஸ்பாண்ட்’ என்றே படித்தார்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்லௌ’. அமெரிக்கர்கள் சேற்றைக் குறிக்கும்போது பெரும்பாலும் ‘ஸ்லூ’ என்பார்கள்.

‘டெஸ்பாண்ட்’ இன்னும் சுவையானது. இது லத்தீன் மூலத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வினைச்சொல்லாக வந்தது. மூலச்சொல்லுக்கு வாக்குக் கொடுத்துவிடுதல், குறிப்பாகப் பெண்ணைத் திருமணத்துக்கு ஒப்புக்கொடுத்துவிடுதல் என்பது பொருள். அதிலிருந்து ‘மனத்தை விட்டுக்கொடுத்துவிடுதல்’, அதாவது ஊக்கத்தைக் கைவிடுதல் என்ற பொருள் வளர்ந்தது. பன்யன் அதைப் பெயர்ச்சொல்லாக, ஓர் இடத்தின் பெயராகவே ஆக்கினார். இன்று ‘டெஸ்பாண்டன்ட்’, ‘டெஸ்பாண்டன்ஸி’ போன்ற உறவுச் சொற்கள் நன்றாக வாழ்கின்றன; ஆனால் பெயர்ச்சொல்லாக ‘டெஸ்பாண்ட்’ ஏறக்குறைய இந்தத் தொடருக்குள் மட்டுமே உயிரோடிருக்கிறது. சேற்றின் நடுவே உள்ள படிகள் மன்னிப்பைப் பற்றிய கடவுளின் வாக்குறுதிகள் என்று பன்யனே பக்க ஓரத்தில் குறித்திருக்கிறார். வாக்கை விட்டுக்கொடுப்பது என்ற வேரிலிருந்து வந்த சேறு, அதைக் கடக்க வாக்குறுதிகளால் ஆன படி! இது அழகான பொருத்தம்தான். ஆனால் பன்யனுக்கு லத்தீன் தெரியாது. ஆகவே இதைத் திட்டமிட்ட நுட்பம் என்று கொள்ளாமல், தற்செயலாக அமைந்தது என்றே கொள்ள வேண்டும்.

அகராதி தரும் ‘ஆழ்ந்த மனச்சோர்வு’ என்ற பொருளில் எனக்கு ஒரு குறை உண்டு. உங்கள் கேள்விக்கு நான் தரும் விடையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதையே. மூலக்கதையில் இந்தச் சேறு துயரத்தின் அடிமட்டம் அல்ல. பயணத்தின் முதல் தடை. மோட்ச வழியின் தொடக்கத்தில் இருக்கும் இடுக்கமான வாயிலைக்கூடக் கிறிஸ்தியான் இன்னும் அடையவில்லை. முழு நம்பிக்கையிழப்புக்குப் பன்யன் வேறோர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்: கதையின் பிற்பகுதியில், நேர்வழியை விட்டுப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கியவர்களை டெஸ்பேர் என்ற அரக்கன் பிடித்து, ஐயக் கோட்டையில் அடைத்து, தடியால் அடித்து, தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்று தூண்டுகிறான். அங்கிருந்து அவர்களை விடுவிப்பது மார்புக்குள் மறந்துபோய் வைத்திருந்த வாக்குறுதி என்ற சாவி. கோட்டை வழி தவறியவனுக்கு. சேறோ சரியான திசையில் புறப்பட்டவனுக்கு. கோட்டையில் ஒருவன் தன்னிடமிருக்கும் சாவியால் திறந்துகொள்ளலாம். சேற்றிலிருந்து மூட்டை சுமப்பவன் தானாக ஏற முடியாது, இன்னொருவர் கை வேண்டும். இரண்டையும் ஒரே ‘விரக்தி’யாக மொழிபெயர்த்துவிட்டால் பன்யன் கண்ட வேறுபாடு போய்விடும்.

நூலின் இரண்டாம் பாகம் 1684இல் வந்தது. அதில் கிறிஸ்தியானின் மனைவி கிறிஸ்தியானாளும் அவளுடைய தோழியும் பிள்ளைகளும் அதே பாதையில் வருகிறார்கள். அரசரின் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் கல்லுக்குப் பதிலாகக் குப்பையையும் சாணத்தையும் கொட்டி, சேற்றை முன்னிலும் மோசமாக்கிவிட்டார்கள் என்று அவள் காண்கிறாள். அவர்கள் படிகளைப் பார்த்துப் பார்த்து, தட்டுத்தடுமாறிக் கடந்துவிடுகிறார்கள்.

அதே பாகத்தில் அஞ்சுவார் என்று நான் பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் கதையைப் பெருநெஞ்சன் என்ற வழித்துணைவன் சொல்கிறான். என் மதிப்பில், இத்தொடர் வரும் இடங்களிலேயே மிக ஆழமானது அதுதான். அந்த மனிதர் சேற்றின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் அழுது அரற்றிக்கொண்டு கிடந்தார். மற்றவர்கள் தம் கண்முன்னே கடந்து போவதைப் பார்த்தார், பலர் கை கொடுக்கிறோம் என்றார்கள், இறங்கத் துணியவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் மாட்டேன் என்றார். ஒரு வெயில் காலையில், எப்படி என்று பெருநெஞ்சனுக்கே தெரியாது, இறங்கிக் கடந்துவிட்டார். கடந்த பிறகும் கடந்துவிட்டோம் என்று அவரால் நம்ப முடியவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பெருநெஞ்சன் சேர்க்கிறான்: அவருடைய மனத்துக்குள்ளேயே ஒரு ‘ஸ்லௌ ஆஃப் டெஸ்பாண்ட்’ இருந்தது என்று நினைக்கிறேன், போகிற இடமெல்லாம் அதைச் சுமந்துகொண்டே போனார். முதல் பாகத்தில் நிலத்தில் இருந்த சேறு, ஆறு ஆண்டுகளில் மனத்துக்குள் வந்துவிட்டது. அதாவது இன்று நாம் தொடரை உருவகமாகக் கையாளும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் பன்யனே.

பின்வந்தோர் கையாண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நத்தேனியல் ஹாத்தோர்ன் 1843இல் எழுதிய ‘தி செலஸ்டியல் ரெயில்ரோடு’ என்ற கதையில், மோட்சத்துக்கு ரயில் பாதை போடுகிறவர்கள் இந்தச் சேற்றின்மீது பாலம் கட்டுகிறார்கள். பாலத்துக்கு அடித்தளம், சேற்றுக்குள் கொட்டப்பட்ட நீதி நூல்கள், பிரெஞ்சுத் தத்துவம், ஜெர்மானியப் பகுத்தறிவு நூல்கள், பிளேட்டோ, கன்பூசியஸ், இந்து ஞானிகள் ஆகியோரின் பகுதிகள். 20,000 வண்டி மண்ணின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவம் அது. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ 1868இல் வந்தது. அதன் முதல் அத்தியாயத்தில், வறுமையால் மனம் சலித்திருந்த சகோதரிகளில் ஒருத்தி, இன்றிரவு நாம் அந்தச் சேற்றில்தான் கிடந்தோம், புத்தகத்தில் உதவி என்பவன் செய்ததுபோல் அம்மா வந்து தூக்கிவிட்டாள் என்கிறாள். வீட்டுப் பேச்சில் தொடர் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முதல் உலகப் போரில், பன்யனைச் சிறுவயதிலேயே படித்து வளர்ந்த பிரிட்டிஷ் வீரர்கள் பிளாண்டர்ஸ் போர்க்களத்தின் சேற்றைக் கண்டபோது இந்தப் பெயர் அவர்கள் நினைவுக்கு வந்தது. அங்கே முதுகுச் சுமையோடு சேற்றில் அமிழ்வது உருவகமே அல்ல. இன்று நீங்கள் படித்த கிரிக்கெட் கட்டுரையைப் போல, சந்தை வீழ்ச்சிக்கும் தேர்தல் தோல்விக்கும்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். சமய உள்ளடக்கம் கரைந்து, சேறு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஊகமாகவே நிற்பவை மூன்று. முதலாவது, இந்தச் சேற்றுக்கு மாதிரியாக இருந்த உண்மையான இடம். எல்ஸ்டோவுக்கு அருகே ஹாரோடனில் இருந்த ஈர நிலம் ஒன்றை உள்ளூரார் சுட்டுவார்கள். பெட்ஃபோர்டுக்குத் தெற்கே பிற்காலத்தில் செங்கல் சூளைகள் தோண்டியெடுத்த களிமண் பரப்பைச் சுட்டுபவர்களும் உண்டு. பன்யன் எங்கும் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. சேறு எங்கும் இருந்த நாட்டில் ஒரே இடத்தைத் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டாவது, அவர் இதைச் சிறையில் எழுதினாரா என்பது. உரிமம் இல்லாமல் போதித்ததற்காக 1660 நவம்பரில் கைதாகி, 1672 வரை பெட்ஃபோர்டு மாவட்டச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற அங்கே காலணிக் கயிறு பின்னினார். 1676–77இல் மீண்டும் சுமார் ஆறு மாதம் சிறை. கதை தொடங்கும் ‘குகை’ சிறைதான் என்று பிந்தைய பதிப்பின் பக்க ஓரக் குறிப்பே சொல்கிறது. எந்தச் சிறைவாசம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பழைய ஆய்வாளர்கள் இரண்டாவதைச் சொன்னார்கள், இக்காலத்தவர் பலர் முதல் நீண்ட சிறையின் இறுதி ஆண்டுகளைச் சொல்கிறார்கள். எனக்கும் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மூன்றாவது, கிறிஸ்தியானின் முதுகு மூட்டை. பன்யனுடைய பெயரும் 1647 என்ற ஆண்டும் பொறித்த ஓர் இரும்புப் பட்டடை பெட்ஃபோர்டில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதை முதுகில் சுமந்து ஊர் ஊராகச் சென்ற அனுபவமே அந்த மூட்டை என்று சொல்வது வழக்கம். மனத்துக்குப் பிடித்த ஊகம், ஆனால் ஊகமே. பாவத்தைச் சுமையாகப் பேசுவதற்குச் சங்கீதம் 38 போதும்.

கடைசியாக, தமிழில் எப்படிச் சொல்வது என்பது. மேலே சொன்ன சங்கீதங்களில் வரும் ‘உளை’ என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். சேறு என்பதைவிட அது துல்லியமானது. கால் வைத்தால் உள்ளே இழுக்கும் குழைந்த நிலத்தைக் குறிப்பது. மனம் வருந்துவதற்கும் நாம் ‘உளைச்சல்’ என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே வேர் என்று நான் வாதிட வரவில்லை. தமிழ்க் காதுக்கு இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதே எனக்குப் போதும். பன்யனின் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெருங்காப்பியத்தைப் பள்ளிப் பாடத்தில் சில பாடல்களாகவேனும் படித்திருப்பீர்கள். கம்பனில் தோய்ந்த ஒருவர், பெட்ஃபோர்டு தொழிலாளி ஒருவர் பேச்சு நடையில் எழுதிய உரைநடையை 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்களாக்கினார் என்பது இந்தக் கதைக்குத் தமிழில் கிடைத்த பெரும்பேறு.

உங்கள் கிரிக்கெட் வாக்கியத்தை நான் மொழிபெயர்த்தால் ‘அணி ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கிறது’ என்று எழுத மாட்டேன். போட்டித் தொடர் இப்போதுதான் தொடங்கியிருந்து, அணி இன்னும் ஆட வேண்டிய ஆட்டங்கள் பல இருந்தால், ‘அணி சோர்வு உளையில் சிக்கிக்கிடக்கிறது’ என்று எழுதுவேன். எல்லா ஆட்டங்களும் முடிந்து, ஏறி வருவதற்கு எதிர்க்கரை என்று ஒன்று மிச்சமில்லாத நிலை என்றால், அங்கே ஆங்கிலத்திலேயே இந்தத் தொடரைப் போட்டிருக்கக் கூடாது.